ஓவும் ஓவும் சேர்ந்தால்

நாற்பத்தைந்து வயதில் செண்பகவல்லி விலங்கியல் படிக்கக் கல்லூரியில் சேர்ந்தாள்.

காரணம் மகள் மிருதுளாதான். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை அவள் சத்தம் போட்டுப் படிக்க, வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்ட தாய்க்கு அதில் ருசி தட்டிவிட்டது. செல் எப்படிச் சாப்பிடும், எப்படி மூச்சு விடும் என்று மகளை நச்சரித்தாள். "என்னை விட்டுரும்மா, நீயே போய்ப் படி" என்று மிருதுளா கையெடுத்துக் கும்பிட்டாள். இரும்புக்கடை வைத்திருந்த கணவர் குருசாமி அதைக் கேட்டுச் சிரித்தார். சிரித்தவர் மறுவாரமே கோவில்பட்டிக்குப் பக்கத்தில் உள்ள மகளிர் கல்லூரியில் இடம் கேட்டுவிட்டு வந்தார்.

அங்கே பாடம் எடுத்த ஜெசிந்தா, செண்பகவல்லியைவிட வெகு இளையவர். வகுப்பில் எல்லாரும் அவரை மேடம் என்பார்கள். செண்பகவல்லிக்கு மட்டும் டீச்சர் என்றுதான் வாயில் வரும். அவரோ இவளை அக்கா என்பார்.

ஜெசிந்தா எதற்கும் நேராகப் பதில் சொல்கிறவர் இல்லை. சவ்வூடுபரவல் என்றால் என்ன என்று செண்பகவல்லி கேட்டதற்கு, நாலு உலர்ந்த திராட்சையை அவள் உள்ளங்கையில் வைத்தார். "தண்ணியில போட்டு வைங்க. காலையில அதுககிட்டயே கேளுங்கக்கா."

ஒரு நாள் செய்முறை வகுப்பு முடிந்து பிள்ளைகள் எல்லாம் போய்விட்டார்கள். செண்பகவல்லி மட்டும் குழாயடியில் நின்று, கழுவிய கண்ணாடித் தகட்டையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"கேட்டுருங்கக்கா" என்றார் ஜெசிந்தா.

"ஒண்ணுமில்ல டீச்சர். ரத்த வகைப் பாடத்துல ஒரு சந்தேகம். அப்பாவும் ஓ, அம்மாவும் ஓ. பிள்ளைக்கு பி வருமா?"

"வராது."

செண்பகவல்லி குழாயை மூடினாள். மூடிய பிறகும் திருகிக்கொண்டே இருந்தாள்.

"யாருக்கு?" என்றார் ஜெசிந்தா.

"மிருதுளாவுக்கு."

அவள் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ரத்த வகை பார்த்திருக்கிறார்கள். மிருதுளாவுக்கு பி. வீட்டுக்கு வந்து, அப்பா ஜீனை ஒரு பக்கமும் அம்மா ஜீனை ஒரு பக்கமும் எழுதி, பாடத்தில் உள்ளபடி நாலு கட்டம் போட்டுப் பார்த்திருக்கிறாள். எப்படிப் போட்டாலும் ஓதான் வருகிறது. சாப்பிடும்போது கேட்டாள்: "அம்மா, உங்க ரிசல்ட் தப்பா, என் ரிசல்ட் தப்பா?" குருசாமி பாதிச் சோற்றில் எழுந்துபோய்விட்டார்.

"நான் எங்க டீச்சர்ட்ட கேட்டுச் சொல்லுதேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்" என்றாள் செண்பகவல்லி. "அவ கைக்குழந்தையா இருக்கும்போது மதுரையில ஒரு குழந்தைக இல்லத்துல இருந்து எடுத்துட்டு வந்தோம் டீச்சர். அவளுக்குத் தெரியாது. இன்னைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு தள்ளிப்போட்டுட்டே வந்துட்டோம்."

ஜெசிந்தா அவள் கையிலிருந்த தகட்டை வாங்கி வைத்தார்.

"ஏதாவது ஒரு வழி இருக்கா டீச்சர்? ஊருல ஒருத்தருக்கு நடக்கிற மாதிரி, அபூர்வமா?"

"இருக்கு. பம்பாய் வகைன்னு ஒண்ணு. ஜீன்ல பி இருக்கும், ஆனா ரத்தத்துல காட்டிக்காது. சாதாரண டெஸ்ட்ல ஓன்னு வரும். பல ஆயிரம் பேர்ல ஒருத்தருக்கு."

செண்பகவல்லியின் முகம் தெளிந்துவிட்டது. "போதும் டீச்சர். எனக்கு அதுன்னு சொல்லிக்கிடுதேன்."

"சொல்லலாமே" என்றார் ஜெசிந்தா. குளிர்பெட்டியைத் திறந்து ஒரு சின்னப் புட்டியை எடுத்தார். புதுத் தகடு ஒன்றை மேசையில் வைத்தார். ஊசியைப் பிரித்தார். "கையைக் குடுங்க."

"எதுக்கு டீச்சர்?"

"இது ஆன்டி-எச். சாதாரண ஓ-வா இருந்தா ரத்தம் திரிஞ்சுரும். பம்பாய் வகைன்னா அப்படியே நிக்கும். நாலு கட்டம் போட்ட பிள்ளை அடுத்த பக்கத்தையும் படிக்கும்ல? இந்த டெஸ்டைக் கேக்காம விடுமா?"

செண்பகவல்லி விரலை நீட்டினாள். ஊசி கிட்டே வந்ததும் இழுத்துக்கொண்டாள்.

"வேண்டாம் டீச்சர். எனக்குத் தெரியும்லா."

ஜெசிந்தா ஊசியை மூடி வைத்தார்.

"பொய்க்கும் பசிக்கும்க்கா. ஒரு வேளை சோறு போட்டுட்டீங்கன்னா, அப்புறம் தினம் போடணும்."

அன்று சாயங்காலமே சொன்னார்கள். குருசாமிதான் ஆரம்பித்தார். "மதுரைக்குப் போனோம்மா..." என்றவருக்கு அதற்குமேல் வார்த்தை வரவில்லை. மீதியைச் செண்பகவல்லி சொன்னாள். மிருதுளா அழவில்லை. தலையணையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தாள். எல்லாம் முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்ப என்கிட்ட உங்களோடது என்ன இருக்கு?"



அதன் பிறகு வீடு வீடாக இல்லை. மிருதுளா பள்ளிக்குப் போனாள், வந்தாள், போட்டதைச் சாப்பிட்டாள். இன்னும் கொஞ்சம் என்றால் போதும் என்றாள். தாயும் மகளும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து படிப்பது வழக்கம். இப்போது அவள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவாள். செண்பகவல்லி கல்லூரிப் பக்கமே போகவில்லை. விலங்கியல் புத்தகத்தைப் பார்த்தாலே, குடும்பத்தைக் கெடுக்க வந்த விருந்தாளியைப் பார்ப்பதுபோல இருந்தது.

ஒரு சனிக்கிழமை காலையில் மிருதுளாவே வந்து நின்றாள்.

"உங்க டீச்சரை நான் பாக்கணும்."

பேருந்தில் இருவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்து போனார்கள். ஒரு வளைவில் மகளின் தோள் வந்து இடித்தபோது, செண்பகவல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆய்வுக்கூடத்தில் ஜெசிந்தா தனியாக இருந்தார். மிருதுளா உட்காரவில்லை.

"மேடம், நான் பயாலஜிப்படி மட்டும்தான் கேக்கேன். ஆறுதலா எதுவும் சொல்ல வேண்டாம்."

"சரிம்மா."

"ஜீன்ல பாதி அம்மாகிட்ட இருந்து வரும், பாதி அப்பாகிட்ட இருந்து வரும். இவங்ககிட்ட இருந்து எனக்கு எதுவும் வரல. சரியா?"

"சரி."

"ஒரு ஜீன்கூட?"

"ஒண்ணுகூட இல்ல."

டீச்சர் கொஞ்சம் பூசி மெழுகிச் சொல்வார் என்று செண்பகவல்லி நம்பி வந்திருந்தாள்.

ஜெசிந்தா குனிந்து மேசைக்கு அடியிலிருந்து எடை மிஷினை இழுத்தார். முந்தானையால் தூசி தட்டினார்.

"ஏறும்மா."

மிருதுளா முறைத்துப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள்.

"நாப்பத்தாறு" என்றார் ஜெசிந்தா. "அக்கா, மதுரையில நீங்க கையில வாங்கும்போது எவ்வளவு இருந்தா?"

"மூணு கிலோகூட இல்ல டீச்சர். மூணு மாசப் பிள்ளை. எலிக்குஞ்சு மாதிரி இருந்தா. டாக்டரே உதட்டைப் பிதுக்குனாரு."

"மூணுன்னே வச்சுக்குவோம். கழிச்சுச் சொல்லும்மா."

"நாப்பத்திமூணு" என்றாள் மிருதுளா, மிஷினில் நின்றபடியே.

"அந்த நாப்பத்திமூணு கிலோவும் ஜீன்ல இருந்து வந்துச்சா?"

மிருதுளா யோசித்தாள். "இல்ல மேடம். ஜீன்ல எடை எங்க இருக்கு? சாப்பாட்டுல இருந்து வந்தது."

"எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து வேணும். அது எங்க இருந்து வந்துச்சுக்கா?"

"கேப்பக்கூழு" என்றாள் செண்பகவல்லி. யோசிக்காமலே வந்தது. "பால் அவளுக்குச் சேரல. குடிச்சா கக்கிருவா. கேப்பையை ஊறவச்சு அரைச்சு, துணியில வடிகட்டி, காய்ச்சி, சங்குல ஊத்தி ஊத்தி... ஒரு சங்கு உள்ள போக ஒரு மணி நேரம் ஆகும்."

"ரத்தத்துக்கு இரும்பு?"

"முருங்கைக்கீரை. திங்கவே மாட்டா டீச்சர். ரெண்டு அடி போட்டுத்தான் ஊட்டுவேன்."

"ரெண்டு இல்ல" என்றாள் மிருதுளா. "கரண்டிக் காம்பால நாலு."

சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறாளா, அழுகையை அடக்குகிறாளா என்று செண்பகவல்லிக்குத் தெரியவில்லை.

மிருதுளா மிஷினைவிட்டு இறங்கினாள். ஆனாலும் விடவில்லை.

"இருந்தாலும் மேடம், எப்படி இருக்கணும்னு சொன்னது ஜீன்தானே? உயரமா வளருன்னு, சுருட்டை முடியா முளைன்னு..."

"ஆமா. சொன்னது ஜீன்தான்."

"இந்த பி-யும் அது சொன்னதுதானே? இது இவங்களோடது இல்லதானே?"

அவள் கேட்ட தோரணை செண்பகவல்லிக்குப் புரிந்தது. வாதத்துக்காகக் கேட்கவில்லை. பிடித்து ஏறிவர ஒரு கயிறு எங்கேயாவது இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தாள்.

ஜெசிந்தா செண்பகவல்லியின் பக்கம் திரும்பினார். தேர்வறையில் கேட்பதுபோலக் கேட்டார்.

"நீங்க சொல்லுங்கக்கா. பி-ன்னா என்ன?"

செண்பகவல்லி நிமிர்ந்து நின்றாள். "சிவப்பணுவோட மேல்தோல்ல ஒட்டிக்கிட்டு இருக்கிற ஒரு சர்க்கரை, டீச்சர். அதை அங்க கொண்டுபோய் ஒட்டுன்னு ஜீன் சொல்லும்."

"சரி. ஒட்டுறதுக்கு அந்தச் சர்க்கரை எங்க இருந்து வந்துச்சு?"

செண்பகவல்லி வாயைத் திறந்தாள். நன்றாகத் தெரிந்த விடைதான்; எலும்புக்கும் ரத்தத்துக்கும் சொன்ன அதே விடை. மிருதுளா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்கள் நிறைந்திருந்தன.

"சொல்லும்மா" என்றாள் மிருதுளா. "உனக்குத் தெரியும்."