ஷாக் மெஷினுக்கு ஒரு கையெழுத்து

அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் மெஷின்களைப் பழுது பார்ப்பவள் எழிலரசி. அவளுக்குக் கொடுத்த இடம் அழுக்குத்துணி அறை. நின்றுபோன இதயத்தைத் தட்டியெழுப்பும் ஷாக் மெஷினைச் சோதிக்க ஒரு கருவி கேட்டாள்.

"டிப்ளமோக்காரிக்கு அதெல்லாம் எதுக்கும்மா?" என்றார் சேர்மன் தணிகாசலம்.

கையெழுத்துக்கு மட்டும் அந்தப் படிப்பு போதுமாம்! இன்ஸ்பெக்‌ஷன் குழு படியேறும்போது சோதனைச் சான்றுக் காகிதத்தை நீட்டினார். "மெஷின் நல்லா இருக்குன்னு போடு. இல்லேன்னா வீட்டுக்குப் போ."

"போடறேன் சார். கருவி இல்லேன்னா ஆள் மேலதான் சோதிக்கணும். சட்டையைக் கழட்டிட்டுப் படுங்க."

"ஐயையோ! அது ஒழுங்கா வேலை செய்யுமான்னு யாருக்கும்மா தெரியும்?"

எழிலரசி அந்த வாக்கியத்தை அப்படியே எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, உள்ளே நுழைந்த குழுவிடம் நீட்டினாள். "சேர்மன் சார் சொன்னது."