கேட்டால்தான் சொல்லும் கம்பி

"ரெண்டுல எது பொய் சொல்லாதுங்க?"

யோசனை கேட்க வந்ததும் வராததுமாகச் சென்னியப்பன் கேட்டது இதைத்தான். தண்ணீர் லாரியில் கிளீனராக இருந்து சாயப்பட்டறைக்கு முதலாளி ஆனவர். காய்கறிக்காரியிடம்கூடத் தராசைத் தூக்கி அடியில் பார்த்துத்தான் வாங்குவார்.

எதிரே ஜெசிந்தா டீச்சர். பாலிடெக்னிக்கில் பாடம் எடுப்பவர். சென்னியப்பனைவிட இருபது வயது இளையவர்.

பட்டறையில் ஆறு சாய மிஷின். ஆறையும் ஒரே கம்பியில் கோத்துப் பேச வைக்க வேண்டும். அதை விற்க வந்தவர்களில் ஒருத்தன் மோட்பஸ் என்கிறான், இன்னொருத்தன் புரொஃபிநெட் என்கிறான். இரண்டு பேரும் பெற்ற தாய் மேல் சத்தியம் செய்கிறார்கள். அதுதான் அவருக்கு இடித்தது.

போன மாதம் சூடு எகிறி ஒரு லோடு துணி வீண். இன்னொரு தடவை ஆனால் ஆர்டர் கொடுப்பவன் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டான்.

"மோட்பஸ்ல தலைவன் ஒருத்தன்," என்றார் டீச்சர். "அவன் கேட்டா மிஷின் பதில் சொல்லும். கேக்கலைன்னா வாயத் திறக்காது. புரொஃபிநெட்ல கோளாறு வந்தா மிஷினே முந்திக்கிட்டுச் சொல்லிரும்."

"கேக்காமயே பேசுமா? அப்ப அதுல என்னமோ வில்லங்கம் இருக்குது."

புரொஃபிநெட் விற்கிறவன் காசு கொடுத்து உங்களையும் கவனித்துவிட்டானா என்று முகத்துக்கு நேராகவே கேட்டார்.

டீச்சர் கோபப்படவில்லை. பட்டறையைப் பார்க்க வேண்டும் என்றார்.

போனார்கள். துணி வீணான மிஷினை ஓட்டியது யார் என்று டீச்சர் விசாரித்தார். பொன்னுராசு வந்து நின்றான். ஆறு வருஷத்து ஆள்.

அன்றைக்குச் சூடு ஏறியது தெரியுமா என்று டீச்சர் கேட்டார். அவன் முதலாளியின் முகத்தைப் பார்த்தான். அவர் தலையசைத்த பிறகுதான் வாயைத் திறந்தான்.

"தெரியுங்க. மூணு மணிக்கே ஏற ஆரம்பிச்சிருச்சுங்க."

சென்னியப்பனுக்கு உச்சந்தலை கொதித்தது. அப்பவே ஏன்டா சொல்லவில்லை என்று பாய்ந்தார்.

"ரெண்டு தடவை பக்கத்துல வந்தீங்க. தண்ணி மட்டம் கேட்டீங்க, சொன்னேன். உப்புப் போட்டாச்சான்னு கேட்டீங்க, சொன்னேன். சூட்டக் கேக்கலீங்க."

"நான் கேக்கலைன்னா?"

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுடான்னு, வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கே சொன்னீங்களே."



இவர்கள் இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு நாடகம் போடுகிறார்களோ என்று ஒரு கணம் பட்டது சென்னியப்பனுக்கு. பொன்னுராசுவை உற்றுப் பார்த்தார். அந்த முகத்தில் பயத்தைத் தவிர ஒன்றும் இல்லை.

டீச்சர் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "எந்தக் கம்பிய இழுக்கச் சொல்லட்டும்?"

சென்னியப்பன் பொன்னுராசு பக்கம் திரும்பினார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வேற ஏதாச்சும் சொல்லோணுமா?"

பொன்னுராசு டீச்சரைப் பார்த்தான். மிஷின்களைப் பார்த்தான். ஒவ்வொரு விரலாக மடக்கிக்கொண்டே போனான். ஒரு கை முடிந்து மறு கையும் தொடங்கிவிட்டது.

"எதுல இருந்துங்க ஆரம்பிக்கறது?"