வேட்டை வண்டி கண்மாய்க்குப் போன கதை

டர்ர்ர்... டர்ர்ர் என்று எங்கோ துளை போடும் சத்தம். எங்கோ என்ன, தன் முதுகில்தான் என்று அந்தப் பிக்கப் வண்டிக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. பார்க்கக் கண் இல்லை. பழைய விளக்குகளைக் கழற்றிப் பட்டறை ஓரத்தில் போட்டிருந்தார்கள்.

புது விளக்கு மாட்டியதும் வண்டி முதலில் எதிர்க்கடைக் கண்ணாடியில் தன்னைத்தான் பார்த்தது. செங்கல்லும் எருவும் சுமந்த வண்டியா இது? முன்னால் இரும்புக் கொம்பு. பின்னால் ஐஸ் பெட்டி. கூரையில் சுருட்டிய வெள்ளைப் பந்தல் துணி. பொத்தானைத் தட்டினால் விரிந்து நிழல் தருமாம். இருக்கைக்குப் பின்னால் துப்பாக்கி மாட்டும் தாங்கி.

வேட்டைக்குச் சட்டம் விடாது. முதலாளி சேவுகனிடம் துப்பாக்கியும் கிடையாது. முயல் குறுக்கே வந்தால் ஹாரன் அடித்து வழிவிடுகிற ஆள். ஆனாலும் செல்போனில் பார்த்த வேட்டை வண்டியில் தாங்கி இருந்ததே! வெறுமனே கிடந்தால் நன்றாக இருக்காதென்று அதில் குடையை மாட்டிவைத்தான்.

அன்றிலிருந்து குடையின் பேச்சே மாறிவிட்டது. "தள்ளி நில்லுங்கப்பா. நான் வெடிச்சா தாங்கமாட்டீங்க."

"போன மழையில கம்பி ஒடிஞ்சு அழுதவன்தானடா நீ?" என்றது ஐஸ் பெட்டி.

வீட்டில் சேவுகனின் மனைவி பொன்னழகு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். "இதுல நெல்லு மூட்டைய எங்க ஏத்துறது?"

"இனிமே இது மூட்டை வண்டி இல்ல. மீன் வண்டி. நாளைக்குக் கண்மாய் அழிக்கிறாங்கள்ல, அப்பப் பாரு."

"பாக்குறேன். இந்த வண்டியில ஒரு கெளுத்தியாவது வரல, ஏத்துனது அம்புட்டையும் கழட்டி எடைக்குப் போட்டுருவேன்."

வண்டிக்கு டீசல் உறைந்துபோனது. மறுபடி எருக்குழியா? எப்படியாவது ஒரு மீனோடு திரும்பிவிட வேண்டும்.

கண்மாய் அழிப்பு என்பது கோடையில் தண்ணீர் வற்றும்போது ஊரே இறங்கி மீன் பிடிக்கும் நாள். ஊர்த் தலைவரான அம்பலக்காரர் மடைமேல் நின்று சாமி கும்பிட்டு, வெள்ளைத் துண்டை வீசுவார். வீசிய பிறகுதான் இறங்க வேண்டும். முந்துகிறவனுக்கு அன்று மீன் இல்லை.

விடிந்ததும் கரை நிறையக் கூட்டம். வண்டியின் பக்கத்தில் ஓர் ஊத்தா சாய்ந்திருந்தது. மீன்மேல் கவிழ்த்துப் பிடிக்கிற, அடியில்லாத மூங்கில் கூடை.

"என்னண்ணே, பொண்ணழைப்பா?" என்றது ஊத்தா.

"மீன் பிடிக்க வந்திருக்கேன்," என்றது வண்டி மிடுக்காக.

"தண்ணிக்குள்ள எறங்குவீகளா?"

"நான் கரையிலதான் நிப்பேன்."

"அப்ப மீனு மேல ஏறி வருமாக்கும்?"

"அதுகிட்ட என்னண்ணே பேச்சு? அதுக்கு அடியே கெடையாது," என்று ஆறுதல் சொன்னது இரும்புக் கொம்பு.

"நாம யாருன்னு காட்டிருவமா?" என்றது கூரைத் துணி.

அந்நேரம் பார்த்து, வெயில் உறைக்கிறதென்று சேவுகனின் விரல் பொத்தானுக்குப் போனது. வண்டி நினைத்திருந்தால் பேட்டரியைக் கொஞ்சம் மறித்திருக்கலாம். மறிக்கவில்லை. எல்லோரும் பார்க்கட்டுமே என்றிருந்தது.

துணி விரிந்தது. காற்று அதைத் தூக்கிப் படபடவென்று வீசியது.

"துண்டு வீசியாச்சுடோய்!" என்று எவனோ கத்தினான். அவ்வளவுதான். கூட்டம் மொத்தமும் கண்மாய்க்குள் விழுந்தது.

அம்பலக்காரர் வைரவன் கண்ணைத் திறந்தபோது கும்பிட்ட கை இறங்கவில்லை. துண்டு இடுப்பிலேயே இருந்தது.

"எவன்டா வீசுனது?"

"சேவுகன் வண்டிங்க!" சேற்றுக்குள்ளிருந்து சிரிப்போடு குரல் வந்தது.

எல்லோரையுமா கரையேற்ற முடியும்? சேவுகனை மட்டும்தான் நிறுத்திவைக்க முடிந்தது. "ஏப்பா, ஊர் வழக்கம் ஒனக்குத் தெரியும்ல?"

"தெரியும்ங்க."

"அப்ப அங்கனயே நில்லு."

நின்றான். நிழல் மட்டும் அருமையாக இருந்தது. கண்ணெதிரே விரால் துள்ளியது. ஊத்தா அதன்மேல் கவிழ்ந்தது.

"பாத்தீகளா, நான் அசைஞ்சேன், ஊரே ஓடுச்சு!" என்று பூரித்தது துணி.

"என் வயித்துக்கு என்னடா வழி?" என்றது ஐஸ் பெட்டி.

"யாரும் என்னையச் சொல்லாதீக. நான் வெடிக்கவே இல்ல," என்றது குடை.

பேட்டரியை மறிக்காமல் விட்டது வண்டிதான். யாரைச் சொல்வது?

வாசலில் பொன்னழகு காத்திருந்தாள். "பெட்டியில என்ன?"

"ஐஸ்."

"அதையாச்சும் குடுங்க."

"உருகிப்போச்சு."

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்று வண்டிக்கு இருந்தது.

பொழுது சாய்கையில் பக்கத்து வீட்டுச் செல்லக்கிளி ஒரு தூக்குச்சட்டியோடு வந்தாள். "ஒங்க துணி ஆடுனதுல எங்க வீட்டுக்காரரு மொத ஆளா எறங்கிட்டாரு மதினி. கூடை நெறைய மீனு. இந்தாங்க, கொழம்பு."

சேவுகன் மூடியைத் திறந்தான். கெளுத்தி. நிமிர்ந்து மனைவியைப் பார்த்தான்.

"இது வண்டியில வரல," என்றாள் பொன்னழகு.

மறுநாள் காலையில் அவள் சொல்வதற்கு முன்பே சேவுகன் ஸ்பேனரை எடுத்தான். கொம்பு இறங்கியது, பெட்டி இறங்கியது, துணி இறங்கியது. வீட்டுக்குள்ளிருந்து நெல் மூட்டைகள் ஒவ்வொன்றாக வந்தன. பொன்னழகு ஒரு முனையைப் பிடித்தாள், சேவுகன் மறுமுனையை. கனம் ஏற ஏற, அடுத்த மூட்டையைத் தூக்கிவைக்கத் தோதாக, வண்டி கொஞ்சம் தாழ்ந்துகொடுத்தது.