நூற்று நாற்பத்தோராவது கீறல்

ஒரு காட்டில் வைத்தியம் செய்பவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக வைத்தியம் கண்டுபிடித்தவர் அதை ஒரு பனையோலையில் எழுதி, ஆற்றங்கரை மருதமரத்தில் கட்டித் தொங்கவிடுவார். அந்த ஓலையைப் பற்றி மற்றவரிடம் பேசியவர் யாராக இருந்தாலும், வந்து அதன் ஓரத்தில் ஒரு கீறல் போடவேண்டும். அதிகக் கீறல் உள்ள ஓலைக்குச் சொந்தக்காரர்தான் தலைமை வைத்தியர்.

கீறல்களை எண்ணுவது ஆமையின் வேலை. பதினொரு வருடத்தில் ஒரு கீறல்கூடப் பிசகியதில்லை. எண்ணியதை மறுபடி எண்ணும். சந்தேகம் வந்தால் மூன்றாம் முறையும் எண்ணும். ஆனால் அதற்குக் கூச்சம் அதிகம். கீறல் போட யாராவது வந்தால் ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொள்ளும். அவர்கள் போன பிறகுதான் வெளியே நீட்டும்.

ஒருநாள் காலை, மலைமேல் வாழும் இருவாச்சிப் பறவை தத்தித் தத்தி நடந்து வந்தது. முந்தின நாள் சூறைக்காற்றில் அதன் இடது இறக்கையில் ஐந்து இறகுகள் பாதியில் முறிந்துவிட்டன.

"ஆமையாரே, என் மனைவி குஞ்சோடு மரப்பொந்துக்குள் இருக்கிறாள். பொந்தின் வாயை மண்ணால் அடைத்திருக்கிறோம். என் நீண்ட அலகு மட்டும் எட்டும் அளவுக்குத்தான் வழி. நான் பறந்துபோய்ப் பழம் ஊட்டினால்தான் இருவருக்கும் சாப்பாடு. நேற்றிலிருந்து பட்டினி."

"இறகு ஒட்டும் வைத்தியம் வேண்டுமா?" என்று ஆமை மெல்லக் கேட்டது.

"ஆமாம். பொந்துக்குள் அவள் உதிர்த்து வெளியே தள்ளிய இறகுகளைக் காகம் ஒவ்வொன்றாகக் கொண்டுவருகிறது. நான்கு வந்துவிட்டன. யாரிடம் போகட்டும்?"

"கருங்குரங்கின் ஓலைக்கு நூற்று நாற்பது கீறல். தையல் சிட்டின் ஓலைக்கு மூன்று."

"நூற்று நாற்பதா! அப்புறம் யோசிக்க என்ன இருக்கிறது?" இருவாச்சி நான்கு இறகுகளையும் கவ்விக்கொண்டு, பாறைக்குப் பின்னால் இருந்த கருங்குரங்கிடம் போயிற்று.

கொஞ்ச நேரத்தில் காகம் ஐந்தாவது இறகோடு வந்தது. அதை ஆமையின் முன்னால் வைத்துவிட்டு, கருங்குரங்கின் ஓலையில் நறுக்கென்று ஒரு கீறல் போட்டது. "நாசமாய்ப் போக!" என்றது.

ஓட்டுக்குள் இருந்த ஆமைக்குத் தூக்கிவாரிப் போட்டது. தலையை வெளியே நீட்டியது. "காகமே, திட்டிக்கொண்டா கீறல் போடுகிறாய்?"

"அட, உமக்குப் பேசவும் தெரியுமா! திட்டாமல் என்ன செய்வது? என் தம்பிக்கு இறகு வைக்கிறேன் என்று முறிந்த தண்டை வேரோடு பிடுங்கினான். குழியில் பிசின் ஊற்றி இறகை நட்டான். சீழ் பிடித்து, இறக்கையே போய்விட்டது. அவனிடம் போகாதீர்கள் என்று இப்போதுதான் கிளிகளிடம் சொல்லிவிட்டு வந்தேன். பேசினால் கீறல் போடவேண்டுமே!"

"அப்படியானால் மற்றக் கீறல்கள்?"

"அலகுக் கீறல் எல்லாம் என்னைப் போல அடிபட்டவர்கள் போட்டது. நகக் கீறல் அவனே போட்டுக்கொண்டது."

ஆமை மறுபடி எண்ணியது. நகக் கீறல் இருபத்தாறு. அலகுக் கீறல் நூற்றுப் பதினைந்து. மெச்சிப் போட்ட கீறல் ஒன்றுகூட இல்லை!

"அது கிடக்கட்டும். இருவாச்சியைத் தையல் சிட்டிடம்தானே அனுப்பினீர்?" என்றது காகம்.

ஆமை பாறையின் பக்கம் பார்த்தது. அவ்வளவுதான், காகம் அலறிக்கொண்டு பறந்தது. ஆமையும் ஓடியது. ஆமை ஓடினால் எவ்வளவு தூரம் ஓடும்? பாறை வரைகூடப் போகமுடியவில்லை. பதினொரு வருடமாகச் சேர்த்துவைத்த குரலெல்லாம் ஒன்றாக வெளியே வந்தது.

"நிறுத்து!"

காடே திடுக்கிட்டது. பாறைக்குப் பின்னால், கருங்குரங்கின் கையில் ஒரு தண்டு, ரத்தத்தோடு. மறு கை இரண்டாவது தண்டைப் பிடித்திருந்தது.

"ஏன் கத்துகிறீர்? என் கீறல்களை எண்ணிச் சொன்னதே நீர்தானே?" என்றது கருங்குரங்கு.

"எண்ணினேன். ஏன் போட்டார்கள் என்று ஒருவரைக்கூடக் கேட்கவில்லை," என்றது ஆமை.

காகம் தையல் சிட்டை அழைத்து வந்தது. சிட்டு எந்தத் தண்டையும் பிடுங்கவில்லை. மிஞ்சிய நான்கு தண்டுகளிலும் மெல்லிய மூங்கில் ஈர்க்கைச் செருகி, அதன்மேல் இறகுகளை மாட்டியது. பிடுங்கிய இடத்தில் மருந்துதான் வைக்க முடிந்தது.

"இவ்வளவு நன்றாகச் செய்கிறாயே, உனக்கு ஏன் மூன்றே கீறல்?" என்று கேட்டது ஆமை.

"குணமானவர்கள் பறந்து போய்விடுகிறார்கள். கீறல் போட யார் திரும்பி வருகிறார்கள்?"

இருவாச்சி எழும்பியது. ஒரு பக்கம் சாய்ந்தாலும் விழவில்லை. அலகு நிறைய அத்திப்பழத்தோடு மலைப்பக்கம் போயிற்று.

வைக்க இடமில்லாத ஐந்தாவது இறகை ஆமை எடுத்துக் கருங்குரங்கின் ஓலையோடு சேர்த்துக் கட்டியது. அன்றிலிருந்து மரத்தடிக்கு யார் வந்தாலும் அது தலையை உள்ளே இழுப்பதில்லை. "எதற்காகக் கீறுகிறாய்?" என்று கேட்ட பிறகுதான் எண்ணும்.

நீதி: எத்தனை பேர் பேசினார்கள் என்பதை மட்டும் எண்ணாதே, என்ன பேசினார்கள் என்பதையும் கேள்.