பொந்துக்குக் கழித்த பாதி

வேங்கை மரங்கள் அடர்ந்த ஒரு காட்டில் காத்தாயி என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தாள். எதையும் லேசில் நம்பமாட்டாள். தேனைக் கொடுத்தாலும் மோந்து பார்த்துவிட்டுத்தான் நக்குவாள்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு, குழந்தைகளே. மரத்தின் காலை நிழல் யார் வளைமேல் விழுகிறதோ, மரம் அவருக்குச் சொந்தம். காத்தாயியின் வளைமேல் ஒரு பெரிய வேங்கையின் நிழல் விழுந்தது. மழைக்காலம் நெருங்கிவிட்டது. மூன்று குட்டிகள். வளையில் ஒரு கிழங்குகூட இல்லை. மரத்தைக் கொடுத்துக் கிழங்கு வாங்கலாம் என்று முடிவு செய்தாள்.

மரவியாபாரி கீரி வந்தான். கூடவே ஒரு மரங்கொத்தியும் வந்தான். ஒரு கன அடி மரத்துக்கு ஒரு கூடை கிழங்கு என்று பேச்சு.

கீரி அடிமரத்தைக் கயிற்றால் சுற்றி அளந்தான். காத்தாயி சும்மா இருப்பாளா? தன் முள் ஒன்றைப் பிடுங்கி, கயிற்றோடு வைத்து முடிச்சுக்கு முடிச்சு சரிபார்த்தாள். சரியாக இருந்தது. நிழலை அளந்து உயரம் கணக்குப் போட்டான். அதுவும் சரி. எல்லாம் சரியாக இருக்கவே அவளுக்குச் சந்தேகம் கூடிப்போனது.

நாற்பது கன அடி தேறும் என்றான் கீரி. நாற்பது கூடை இருந்தால் மழை விடும்வரை குட்டிகளுக்குப் பசி தெரியாது.

அப்போது மரங்கொத்தி தண்டில் ஏறி டக் டக்கென்று தட்டினான். காதை வைத்துக் கேட்டான். கீரியை ஒரு பார்வை பார்த்தான்.

“உள்ளே பொந்து அண்ணே. பாதி மரம் வெறும் காத்து.”

கீரி ரொம்ப வருத்தப்படுகிறவன்போல் தலையைச் சொறிந்தான். “காத்துக்குக் கிழங்கு கொடுக்க முடியுமா தங்கச்சி? பாதியைக் கழிச்சா இருபது கூடை.”

காத்தாயி மரத்தை அண்ணாந்து பார்த்தாள். பொந்து தேடி மூன்று வருஷமாக அலைகிற பக்கத்து ஆந்தை இந்த மரத்துக்கு ஒருநாளும் வந்ததில்லை. அவளுடைய முட்கள் லேசாக எழுந்தன. ஆனால் குரலை உயர்த்தவில்லை.

“சரிண்ணே, இருபதே கொடுங்க. மரத்தை மட்டும் இங்கேயே வெட்டி அறுத்துடுங்க. இருபது கன அடி உங்களுக்கு. நீங்க கழிச்ச பாதி எனக்கு.”

“அது காத்துதானே, அதை வச்சு என்ன பண்ணுவே?”

“காத்துதானே, எனக்கு விட்டா உங்களுக்கு என்ன நஷ்டம்?”

கீரி மரங்கொத்தியைப் பார்த்தான். மரங்கொத்தி வானத்தைப் பார்த்தான். பிறகு கீரி, இன்னொரு தரம் தட்டிப் பார் என்றான்.

மரங்கொத்தி ஒரே ஒரு தட்டு தட்டினான். “அலகுல பிசின் ஒட்டியிருந்துச்சு அண்ணே. இப்பதான் சரியாக் கேக்குது. பூராவும் கட்டை.”

பொழுது சாய்வதற்குள் நாற்பது கூடை கிழங்கும் வளை வாசலுக்கு வந்து சேர்ந்தது. கடைசிக் கூடைவரைக்கும் காத்தாயி கவிழ்த்துப் பார்த்துத்தான் வாங்கினாள்.

நீதி: உன் பொருளில் பாதி ஒன்றுக்கும் உதவாது என்று ஒருவன் கழித்தால், கழித்ததை உன்னிடமே விட்டுப் போகச் சொல், அவன் சொன்னது மெய்யா பொய்யா என்று தெரிந்துவிடும்.