விடைமேடை ஏறிய மூவர்

கூழாம்பட்டிக்காரர்களுக்கு ஒரு நல்ல குணம். ஒன்றைச் செய்யச் சொன்னால் அதை அப்படியே செய்வார்கள்; கூட்டவும் மாட்டார்கள், குறைக்கவும் மாட்டார்கள். அதிலும் மாசிலாமணி ரொம்பக் கறார். 'படியில் நிற்காதீர்' என்று பஸ்ஸில் எழுதியிருப்பதைப் படித்த நாளிலிருந்து வீட்டுப் படியில்கூட அவர் கால் வைத்ததில்லை. தாண்டிக் குதித்துத்தான் உள்ளே போவார்.

அப்பேர்ப்பட்ட மாசிலாமணிக்கு ஒரு சோதனை வந்தது. அவரும், மச்சினன் கொண்டல்சாமியும், பக்கத்து வீட்டு ஆதிமுத்துவும் கூட்டாக வாழை போட்டிருந்தார்கள். முந்நூறு வாழை, குலை தள்ளுகிற பருவம். அந்த நேரம் பார்த்துக் கிணற்று மோட்டார் மக்கர் பண்ணியது. சுவிட்சைப் போட்டால் உர்ரென்று சத்தம் வரும், தண்ணீர் வராது. ஊரில் இருக்கிற ஒரே மெக்கானிக்கும் தன் மகள் பிரசவத்துக்கு வெளியூர் போய்விட்டார். நாலே நாளில் இலையெல்லாம் மடங்கித் தொங்க, மாசிலாமணிக்குச் சோறு இறங்கவில்லை.

உரக்கடைக்காரர்தான் வழி சொன்னார். "போன்ல 'விடைமேடை'ன்னு ஒண்ணு இருக்குய்யா. என்ன சந்தேகம்னாலும் கேக்கலாம், தெரிஞ்சவங்க பதில் எழுதுவாங்க. புதுசா வர்றவங்களுக்கு அதிலேயே வழிமுறை போட்டிருக்கும். அது சொல்றபடியே செய்யுங்க. ஒண்ணையும் விட்றாதீங்க."

கடைசி இரண்டு வாக்கியங்களை மாசிலாமணியிடம் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

மோட்டார் ரூம் வாசலில் ஸ்டூல் போட்டு அதன்மேல் போனை வைத்தார்கள். ஆதிமுத்துவிடம்தான் மூக்குக்கண்ணாடி இருந்தது. அதனால் அவர் படித்தார்.

"முதலில் புதிய கணக்கைத் தொடங்கவும்."

கொண்டல்சாமி கரித்துண்டை எடுத்தான். முந்நூற்று நாற்பத்தேழைப் பதின்மூன்றால் பெருக்குவதாகச் சுவரில் எழுதி, ஒரு வரி பெருக்கியும்விட்டான். மாசிலாமணி அவன் கையைப் பிடித்தார்.

"தொடங்கத்தான சொல்லியிருக்கு மாப்ள. நீ பாட்டுக்கு முடிச்சிராத."

"பழைய கணக்கா இருந்துறக் கூடாது மச்சான். இதை நான் பள்ளிக்கூடத்துல போட்டதே இல்ல."

"நீ எந்தக் கணக்கைப் போட்ட?" என்றார் ஆதிமுத்து.

இதற்குள் அவருடைய கட்டைவிரல் எங்கெங்கோ பட்டு, பக்கம் தானாக அடுத்ததற்குப் போய்விட்டது. கணக்கு தேறிவிட்டது என்று மூவருக்கும் பரம திருப்தி.

"உங்கள் படத்தை ஏற்றவும்."

மாசிலாமணி வீட்டில் இருந்தது கல்யாணப் படம் ஒன்றுதான், கண்ணாடிச் சட்டம் போட்டது. எதில் ஏற்றுவது என்று அரைமணி நேரம் பேசினார்கள். இருப்பதிலேயே உயரம் தென்னை என்று முடிவானது. கொண்டல்சாமி படத்தை முதுகில் கட்டிக்கொண்டு ஏறி, மட்டைக்கு நடுவே சாய்த்து வைத்துவிட்டு இறங்கினான். கஞ்சி கொண்டுவந்த மாசிலாமணியின் மனைவி பவுனுத்தாய் அண்ணாந்து பார்த்தாள்.

"ஏங்க, உங்க படத்தைத்தான ஏத்தச் சொல்லுது? நான் எதுக்கு மரத்துல?"

"கட்டிக்கிட்டப்பவே பக்கத்துல நின்னுட்ட. இப்ப எப்படிப் பிரிக்கிறது?" என்றார் மாசிலாமணி.

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. போகிற வருகிறவர்கள் பார்ப்பார்களே என்று அவள் கீழே நின்றபடி தன் பொட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"எல்லோரிடமும் மரியாதையாக நடந்துகொள்ளவும்" என்று படித்தார் ஆதிமுத்து.

"நடக்கச் சொல்லுது. நாம உக்காந்திருக்கோம்," என்று பதறி எழுந்தார் மாசிலாமணி. தோள்துண்டை இடுப்பில் கட்டி, செருப்பைக் கழற்றிவிட்டு, மூவரும் ஸ்டூலைச் சுற்றி நடந்தார்கள். எத்தனை சுற்று என்று போடவில்லை. ஆதிமுத்துவுக்குத் தலை சுற்றியபோது நிறுத்திக்கொண்டார்கள்.

அடுத்ததுதான் கடினமானது. 'உங்கள் கேள்வியை ஏற்கெனவே வேறு யாராவது கேட்டிருக்கிறார்களா என்று தேடிப் பார்க்கவும். ஒருவர் கேட்டதையே இன்னொருவர் கேட்கக் கூடாது.'

தேடக் கிளம்பினார்கள். கீழத்தெருவில் ஆரம்பித்து ஒரு வீடு பாக்கியில்லை.

"எங்க மோட்டார் ஏன் தண்ணி இறைக்கலன்னு நீங்க கேட்டீங்களா?"

"கேக்கலையே. ஆமா, ஏன் இறைக்கல?"

எல்லா வீட்டிலும் இதே பதில். ஒருவரும் கேட்டிருக்கவில்லை என்ற சந்தோஷத்தோடு டீக்கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்தபோதுதான் மாசிலாமணிக்குச் சங்கதி உறைத்தது.

"போச்சு மாப்ள. காலைல ஒருத்தரும் கேக்கல. இப்ப நூத்திப்பத்து வீடும் கேட்டுருச்சு. இனி நாம எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுக் கேக்குறது?"

டீ ஆடை கட்டியது. மாசிலாமணியின் கண்ணுக்குள் முந்நூறு வாழையும் தலை தொங்கி நின்றது.

ஆதிமுத்து மெதுவாகத் தொண்டையைக் கனைத்தார். "அண்ணே, எல்லாரும் ஏன் இறைக்கலன்னுதான கேட்டாக? ஏன் இறைக்குதுன்னு யாரும் கேக்கலையே?"

மாசிலாமணி அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் விடவில்லை.

அன்று சாயங்காலமே விடைமேடையில் கேள்வி ஏறியது: 'எங்கள் மோட்டார் ஏன் தண்ணீர் இறைக்கிறது? வாழை வாடுகிறது. உடனே பதில் தேவை.'

முதலில் ஒருவர் எழுதினார்: 'அதற்காகத்தான் அதை வாங்கியிருப்பீர்கள்.'

"படிச்ச ஆளு," என்றார் மாசிலாமணி.

அடுத்தது பம்புசெட் பரமன் என்பவருடைய பதில்: 'இறைக்கவில்லை என்று கேட்க வந்தீர்கள் என நினைக்கிறேன். பைப்பில் காற்று புகுந்திருக்கும். மோட்டாருக்குக் கொஞ்சம் தண்ணி காட்டிவிட்டு ஓட்டிப் பாருங்கள். ஒரு தடவையில் சரியாகாது, விடாமல் செய்யுங்கள்.'

மறுநாள் விடிந்ததும் கொண்டல்சாமி கிணற்றில் கயிறு போட்டு ஒரு குடம் தண்ணீர் இறைத்தான். மோட்டாருக்கு நேரே தூக்கிப் பிடித்துக் காட்டினான். மாசிலாமணி சுவிட்சைப் போட்டார். உர்ர் என்றது.

"பாத்துச்சா?"

"கண்ணு எந்தப் பக்கம்னு தெரியலையே மச்சான்."

நாலு பக்கமும் காட்டினார்கள். குனிந்து அடியிலும் காட்டினார்கள். உர்ர்.

"பாத்த தண்ணியையே திரும்பத் திரும்பக் காட்டினா அதுக்கு என்ன ஆசை வரும்? வேற கொண்டா," என்றார் ஆதிமுத்து.

மோட்டார் பார்த்து முடித்த தண்ணீரை என்ன செய்வது? பக்கத்திலிருந்த வாய்க்காலில் கொட்டிவிட்டு வேறு குடம் கொண்டுவந்தார்கள். அதையும் காட்டினார்கள், கொட்டினார்கள். இப்படி மூன்று நாள், காலையில் தொடங்கிப் பொழுது சாயும்வரை. மூவர் உள்ளங்கையும் கொப்பளித்துப்போனது. பவுனுத்தாய்கூட ஒரு செம்பை ஏந்தி, "பாரு சாமி, எனக்காக ஒரு தடவை பாரு," என்று கெஞ்சிப் பார்த்தாள். மோட்டார் மசியவில்லை.

மூன்றாம் நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்த மாசிலாமணி, தற்செயலாகத் தோட்டத்துப் பக்கம் திரும்பினார். வாழையெல்லாம் நிமிர்ந்து, பச்சைப்பசேலென்று காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

போனில் பரமன் கேட்டிருந்தார்: 'தண்ணி காட்டினீர்களா? மோட்டார் இறைக்கிறதா?'

மூவரும் உட்கார்ந்து ஆலோசித்தார்கள்.

"இறைக்கலன்னு உண்மையைச் சொல்லிருவோம்," என்றான் கொண்டல்சாமி.

"அது இறைக்காததாலதான் நாம தண்ணி காட்டுறோம். காட்டுறதாலதான் வாழைக்குத் தண்ணி பாயுது," என்றார் ஆதிமுத்து.

மாசிலாமணி மோட்டார் ரூம் பக்கம் திரும்பிப் பார்த்தார். "அப்ப அது திடீர்னு இறைக்க ஆரம்பிச்சிருச்சுன்னா?"

"காட்டுறதை நிறுத்திற வேண்டியதுதான்."

"வாழை?"

மோட்டார் ரூமிலிருந்து உர்ரென்று சத்தம் வந்துகொண்டிருந்தது. மாசிலாமணி ஓடிப்போய் சுவிட்சை அணைத்துவிட்டு வந்து, ஆதிமுத்துவின் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அழுத்தினார்.

'ஐயா, உங்கள் புண்ணியத்தில் வாழை பிழைத்துக்கொண்டது. மோட்டார் இறைப்பதற்குத் தண்ணி காட்டச் சொன்னீர்கள். இறைக்காமல் இருப்பதற்கு எதைக் காட்ட வேண்டும்?'