ஜன்னலில் நின்ற கப்பல்

பள்ளித் தாளாளர் சபாரத்தினம் சொன்னால் சொன்னதுதான். "புத்தகம் எதுவும் நூலக அறையைத் தாண்டக் கூடாது. ஆனா ஒரே வாரத்துல பிள்ளைங்க வாசிக்கத் துடிக்கணும். இல்லேன்னா அறையைப் பூட்டிடுவேன்!"

நூலகர் செண்பகவல்லி தலையாட்டினாள். மறுநாளிலிருந்து மதியந்தோறும் ஜன்னலருகே நின்று ஒரு கடற்கதையை உரக்க வாசித்தாள்.

வெள்ளிக்கிழமை தாளாளர் வந்தார். ஜன்னலுக்கு வெளியே பள்ளிக்கூடமே மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தது. அவரும் நின்று கேட்டார். புயலில் கப்பல் சாய்ந்த இடத்தில் அவள் புத்தகத்தை மூடிவிட்டாள்.

"அப்புறம் என்னம்மா ஆச்சு?"

"வாசிச்சாத்தான் தெரியும் ஐயா. ஆனா புத்தகம் அறையைத் தாண்டக் கூடாதே!"

"தாராளமாத் தாண்டட்டும்! முதல்ல எனக்குக் கொடும்மா."

"பிள்ளைங்க ஏற்கெனவே இதுக்குப் பேர் கொடுத்துட்டாங்க ஐயா. வரிசையில வாங்க."

தாளாளர் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்திக்குப் பின்னால் போய் நின்றார்.